வேலூர் மலைகளில் ஓடையோர நடை: குழந்தைகளுடன் ஒரு நாள் போய்வர முழுமையான வழிகாட்டி

வேலூரிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வளரும் குழந்தைகளுக்கு ஆறு என்றால் பெரும்பாலும் மணல்தான். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் பெருகியதைப் போன்ற அரிய நாட்களைத் தவிர, ஆற்றில் தண்ணீர் ஓடுவதை அவர்கள் கண்டிருக்க வாய்ப்புக் குறைவு. அந்தப் பாலாற்றுக்கு நீர் தரும் கானாறுகளோ, ஒன்றரை மணி நேரப் பயணத்தில் எட்டிவிடக்கூடிய ஜவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் மழைக்காலம் முடிந்து பல வாரங்கள் வரை சலசலத்துக் கொண்டிருக்கின்றன. பிள்ளைகளை முதன்முதலாக மலைக்கு அழைத்துச் செல்ல விரும்பும் பெற்றோருக்கு ஓடையோரப் பாதையையே நான் பரிந்துரைப்பேன். ஏற்றம் பெரும்பாலும் மிதமானது, நிழல் கிடைக்கும், குழந்தைகள் சலிப்படையாமல் நடப்பார்கள். ஆனால் மலை நடைகளில் ஒரு மணி நேரத்துக்குள் தன் முகத்தை முழுவதும் மாற்றிக்கொள்ளக்கூடிய பாதையும் இதுவே. ஆகவே இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாப் படிகளும் இரண்டு கேள்விகளை ஒட்டியே அமைந்திருக்கின்றன: இன்று தண்ணீர் எப்படி இருக்கிறது, நம் கூட்டத்தில் மிகச் சிறியவரால் எவ்வளவு முடியும்.

முதல் படி: காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரையிலான காலமே குடும்பத்துடன் போக ஏற்றது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஓடைகளில் நீர் தெளிந்து, வேலூரின் பெயர்பெற்ற வெயில் இன்னும் ஏறாதிருக்கும் வாரங்கள் அவை. அக்டோபரிலும் நவம்பரிலும் அருவிகள் கண்ணுக்கு அழகாக இருக்கும் என்பது உண்மைதான் என்றாலும், காற்றழுத்தத் தாழ்வு நிலை உருவானதாகச் செய்தி வரும் எந்த வாரத்திலும் குழந்தைகளுடன் ஓடைப்பக்கம் போகக் கூடாது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவக்காற்றும் கணிசமாக மழை தருகிறது. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் பகலெல்லாம் வெயில் காய்ந்து மாலையில் இடியோடு கொட்டும் மழையை இங்குள்ளவர்கள் நன்கு அறிவார்கள். அந்த மாதங்களில் போவதானால் பிற்பகல் ஒரு மணிக்குள் வண்டிக்குத் திரும்பிவிடும்படி திட்டமிட வேண்டும்.

மார்ச் முதல் மே வரை போக வேண்டாம். ஓடை வற்றி, மூங்கிலும் புல்லும் காய்ந்து, காட்டுத்தீக்கு ஏற்ற நிலையில் மலை இருக்கும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்களைச் சூழ்ந்த தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தது இத்தகைய வறண்ட பருவத்தில்தான். அதன் பிறகே தமிழகத்தில் மலையேற்றத்துக்கான விதிமுறைகள் இறுக்கமாயின. தீப்பருவத்தில், வழக்கமாக பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை, வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடிவிடுகிறது.

காணும் பொங்கல் அன்றும் அதையொட்டிய விடுமுறையிலும் அமிர்தி, ஜலகாம்பாறை போன்ற இடங்களில் கூட்டம் நெரியும். அமைதியாக நடக்க விரும்புவோர் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடுவது நல்லது.

இரண்டாம் படி: இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் இரண்டாகவும், எஞ்சிய வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாகவும் பிரிந்ததால், ஒரே மலையின் வெவ்வேறு ஓடைகள் இன்று வெவ்வேறு மாவட்டங்களின் பொறுப்பில் இருக்கின்றன. ஜவ்வாது மலை வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கிறது. அனுமதி கேட்கவும் அவசரத்துக்கு அழைக்கவும் எந்த மாவட்டத்தில் நிற்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

முதல் நடைக்கு அமிர்தியே என் தேர்வு. வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகச் சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், வனத்துறையின் சிறிய உயிரியல் பூங்காவும் அதை ஒட்டிக் காட்டோடையும் உள்ளன. ஐந்து வயதுக் குழந்தைக்கு மான்களையும் பறவைகளையும் பார்த்துவிட்டு ஓடைக்கரையில் சற்று நடப்பதே ஒரு நாளுக்குப் போதும். அருவிப் பக்கம் உள்ளே நடக்க வேண்டுமானால், அன்றைய தினம் வனப் பணியாளர்கள் எதுவரை அனுமதிக்கிறார்களோ அதுவரை மட்டுமே செல்ல வேண்டும். அவசரமானால் திரும்பும் வழியிலேயே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பது இந்த இடத்தின் பெரிய வசதி. நான் இதை முதலில் வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, ஏலகிரியின் மறுபக்கத்தில் உள்ள ஜலகாம்பாறை. ஏலகிரியின் பள்ளத்தாக்குகளில் ஓடிவரும் ஆட்டாறு அருவியாக விழும் இடம் இது. திருப்பத்தூரிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர். அருகில் இலிங்க வடிவில் கட்டிய முருகன் கோயில் உண்டு. ஏலகிரி மேலுள்ள நிலாவூர்ப் பக்கமிருந்து இந்த அருவிக்குக் காட்டுவழி இறங்குகிறது. இறங்கும்போது எளிதாகத் தோன்றும் அந்த வழியில் திரும்ப ஏறியாக வேண்டும் என்பதால், பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுடன் செல்வோர் அடிவாரத்திலிருந்தே அருவியை அடைவது நல்லது. ஏலகிரியின் சுவாமிமலை உச்சி அழகிய இடம்தான் என்றாலும் அது ஓடைப் பாதையன்று. அதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, போளூர் வழியாக மலையேறி அடையும் ஜமுனாமரத்தூர் அருகிலுள்ள பீமன் அருவி. மலையின் மேல்தளத்திலேயே இருப்பதால் இங்குக் காற்று குளிர்ந்திருக்கும். ஆனால் மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுக்கும் குழந்தைகளுக்குப் பயணமே பாதி நாளைத் தின்றுவிடும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒடுகத்தூருக்கு மேல் உத்திரகாவேரி இறங்கும் பகுதியும், பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை போன்ற மலையூர்களைச் சுற்றியுள்ள கானாறுகளும் கண்ணைப் பறிப்பவை. ஆயினும் அங்கே நடக்க ஊரறிந்த வழிகாட்டியும், பழகிய கால்களும் வேண்டும். இரண்டு மூன்று எளிய நடைகளுக்குப் பிறகு அவற்றை யோசிக்கலாம்.

குடியாத்தம் அருகே மோர்தானா அணைக்கு மேலே கவுண்டன்ய ஆற்றுப் படுகையில் நடக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் உறுதியான பதில். ஆந்திரப் பக்கத்துக் கவுண்டன்ய சரணாலயத்தின் யானைகள் எல்லை தாண்டிக் குடியாத்தம், பேரணாம்பட்டுக் காடுகளுக்கு வந்துபோகின்றன. ஆற்றுப்படுகை அவற்றுக்கு வழித்தடமும் நீர்த்துறையுமாகும். ஓடத் தெரியாத குழந்தையோடு யானையின் வழியில் நிற்பதற்கு எந்த முன்னேற்பாடும் போதாது.

மூன்றாம் படி: அனுமதி

இந்த ஓடைகளில் பெரும்பாலானவை காப்புக்காடுகளுக்குள் ஓடுகின்றன. தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன்படி அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். சுற்றுலா இடமாக அறிவித்துக் கட்டணம் பெற்று அனுமதிக்கும் பகுதிகளுக்கு நுழைவுச்சீட்டு போதும்; அதற்கு அப்பால் ஒரு அடி வைப்பதானாலும் அந்தந்த வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்க வேண்டும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு மாநிலம் முழுவதும் 40 மலையேற்றப் பாதைகளை இணையவழி முன்பதிவுக்குத் திறந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருவார்கள் என்பதால், குடும்பத்தினருக்கு அதுவே நம்பகமான வழி. முன்பதிவு செய்யும் முன் ஒவ்வொரு பாதைக்கும் வயது வரம்பும் கடினத்தன்மையும் என்ன என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் கேட்கும்போது, 'போகலாமா' என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். கடைசியாக மலைமேல் எப்போது மழை பெய்தது, ஓடையை எத்தனை இடங்களில் கடக்க வேண்டும், அண்மையில் கரடியோ சிறுத்தையோ நடமாடியதா, பாறைகளில் தேனடை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். வனக்காப்பாளர்கள் நாள்தோறும் நடக்கும் வழி அது. கேட்டால் விவரமாகச் சொல்வார்கள்.

நான்காம் படி: தூரத்தையும் நேரத்தையும் கணக்கிடுதல்

ஐந்து முதல் எட்டு வயதுள்ள குழந்தை, கல்லும் வேரும் நிறைந்த ஓடைப் பாதையில் மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடந்தாலே நன்றாக நடக்கிறது என்று பொருள். அது நடக்கும் நேரத்துக்குச் சமமாக நிற்கும் நேரமும் இருக்கும்: தும்பியைப் பார்க்கும், கல்லை எறியும், மீன் எங்கே என்று கேட்கும். அதற்காகத்தான் வந்திருக்கிறோம் என்பதால், அவசரப்படுத்தாமல் திட்டத்தையே சுருக்கிக்கொள்ள வேண்டும். சிறு பிள்ளைகளுடன் போய்வர மொத்தம் 3 கிலோமீட்டரும், பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுடன் 6 கிலோமீட்டரும் போதுமானவை.

வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே திரும்பும் நேரத்தை முடிவு செய்து எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். டிசம்பரில் மாலை ஐந்தே முக்கால் அளவில் கதிரவன் மறைந்தாலும், இருபுறமும் மலை சூழ்ந்த ஓடைப் பள்ளத்தில் நான்கரைக்கே ஒளி மங்கத் தொடங்கிவிடும். காலை ஏழரைக்கு நடையைத் தொடங்கி, பதினொன்றரைக்கு எங்கே நின்றாலும் அங்கிருந்தே திரும்புவது என்ற ஏற்பாடு குடும்பங்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது. 'அருவி இன்னும் பத்து நிமிடம்தான்' என்ற பேச்சு எழும்போது அந்த முடிவைக் காப்பது பெரியவர்களின் கடமை.

தாத்தா, பாட்டி உடன் வருவதானால் ஏற்றத்தைவிட இறக்கத்தையே கவனியுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஈரப்பாறையில் இறங்குவதுதான் கடினம். தொடக்கத்திலேயே நிழலான ஒரு கரையில் அவர்கள் இளைப்பாற, ஒருவர் துணையிருக்க, மற்றவர்கள் சிறிது தூரம் போய்வரலாம்.

ஐந்தாம் படி: உடை, காலணி, பை

முழுக்கால் சட்டை, முழுக்கை மேல்சட்டை, தொப்பி ஆகிய மூன்றும் எல்லோருக்கும் வேண்டும். கால்சட்டையின் முனையைக் காலுறைக்குள் செருகிக்கொள்வது பார்ப்பதற்கு அழகாக இராது என்றாலும், பூச்சிகளைத் தடுக்க அதைவிட எளிய வழி இல்லை. ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், உலராது. பருத்தி கலந்த மெல்லிய துணி போதும். புடவையோ துப்பட்டாவோ முள்ளில் சிக்கும் என்பதையும் முன்னரே சொல்லிவிடுவது நல்லது.

காலணியில் சிக்கனம் வேண்டாம். ரப்பர் செருப்பு ஈரப்பாறையில் வழுக்கும், நீரோட்டத்தில் கழன்று போகும், அதைப் பிடிக்க ஓடும் குழந்தை விழும். அடிப்பாகத்தில் ஆழமான வரிகள் உள்ள ஷூவை நடைக்கும், பின்வார் உள்ள சாண்டலைத் தண்ணீரில் இறங்குவதற்கும் வைத்துக்கொள்ளலாம். வெறுங்காலுடன் ஓடையில் இறங்கவே கூடாது. உடைந்த மதுப்பாட்டில்களின் சில்லுகள் நம் அருவிகளில் எங்கும் கிடக்கின்றன என்பது வருத்தமான உண்மை.

பையில் இருக்க வேண்டியவை: ஆளுக்கொரு மாற்றுடை, துண்டு, டார்ச், விசில், கிரேப் பேண்டேஜ் இரண்டு, கிருமிநாசினி, பஞ்சு, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், பாராசிட்டமால், ஒவ்வொருவரின் வழக்கமான மருந்துகள், பூச்சி விரட்டிக் களிம்பு, தரையில் விரிக்கத் தடித்த விரிப்பு, சிறு மண்வெட்டிக் கரண்டி. செல்பேசியைப் பிளாஸ்டிக் உறையில் இட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். ஜவ்வாது மலைக்குள் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. எனவே எங்கே போகிறோம், எத்தனை மணிக்குள் அழைப்போம் என்பதை ஊரில் உள்ள உறவினர் ஒருவரிடம் சொல்லிச் செல்வது கட்டாயம்.

ஆறாம் படி: சாப்பாடும் தண்ணீரும்

புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் நடைக்கென்றே அமைந்த கட்டுச்சோறு. உருளைக்கிழங்கு வறுவல், வேகவைத்த கடலை, வாழைப்பழம், பேரீச்சை, கடலை மிட்டாய் போதும். ஆம்பூர் வழியாகப் போகிறோமே என்று பிரியாணிப் பொட்டலம் வாங்கிச் சுமக்க வேண்டாம். அதன் மணம் குரங்குகளையும் நாய்களையும் வரவழைக்கும். திரும்பும்போது ஆம்பூரில் அமர்ந்து சாப்பிட்டுக்கொள்ளலாம். பெரியவர் ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர் என்ற கணக்கில் வீட்டிலிருந்தே தண்ணீர் எடுத்துச் செல்ல வேண்டும். ஓடை நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், மேலே கால்நடைகள் மேய்கின்றன, ஊர்கள் உள்ளன. காய்ச்சாமல் குடிக்கக் கூடாது.

ஏழாம் படி: நடக்கும் வரிசை

முன்னால் ஒரு பெரியவர், கடைசியில் ஒரு பெரியவர், நடுவில் பிள்ளைகள். முன்னால் செல்பவரைக் கடந்து யாரும் ஓடக் கூடாது, பின்னால் வருபவரின் பார்வையைவிட்டு யாரும் விலகக் கூடாது. கூட்டத்தில் மிகச் சிறிய குழந்தையை முன்னவருக்கு அடுத்தபடியாக நிறுத்தினால் எல்லோருடைய வேகமும் தானாகவே சரியாகிவிடும். ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு விசிலைக் கட்டிவிட்டு, வழி தெரியாவிட்டால் நின்ற இடத்திலேயே நின்று மூன்று முறை ஊத வேண்டும் என்று பழக்குங்கள். தேடி அலைவதைவிட நின்று ஊதுவதே அவர்களைக் காப்பாற்றும். அருவிச் சத்தத்தில் நம் குரல் கேட்காது, விசில் கேட்கும்.

எட்டாம் படி: ஓடையைக் கடத்தல்

விபத்துகள் பெரும்பாலும் நேர்வது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நின்று பார்க்க வேண்டும். ஓடை குறுகும் இடத்தில் தண்ணீர் ஆழமாகவும் விசையாகவும் போகும். அகன்று பரவும் இடத்தில் ஆழம் குறைந்து, கூழாங்கற்கள் தெரிய, மெல்லச் சலசலத்துப் போகும். கடப்பதற்கு அகன்ற இடமே சரியானது. தாண்டிவிடலாம் என்று தோன்றுகிற குறுகிய இடம்தான் கால் தவறினால் இழுத்துக்கொள்ளும் இடமும் ஆகும். அடுத்து, கடக்கும் இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பத்தடி கீழே மடுவோ, அருவி விழும் விளிம்போ, கிடைமட்டமாகக் கிடக்கும் மரமோ இருந்தால் அந்த இடத்தில் கடக்கக் கூடாது.

பிறகு ஆழம். நிற்கும் குழந்தையின் முழங்காலுக்குக் கீழே நீர் இருந்தால் கையைப் பிடித்து நடத்தலாம். அதற்கு மேல் என்றால் பெரியவர் தூக்கிச் செல்ல வேண்டும். பெரியவரின் முழங்காலை எட்டும் அளவுக்கு விசையான நீர் என்றால் யாருமே கடக்கக் கூடாது. அன்றைய நடை அந்தக் கரையோடு முடிகிறது. முழங்கால் அளவு ஓட்டம் வளர்ந்த ஆளையே நிலைகுலைக்கும் என்பதைத் தண்ணீரில் நின்று பார்க்காதவர்கள் நம்புவதில்லை.

கடக்கும்போது தடிமனான கோல் ஒன்றை நீர் வரும் திசையில் ஊன்றி, முகத்தையும் அத்திசைக்கே திருப்பி, பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக நகர வேண்டும். ஒரு காலை நன்றாக ஊன்றிய பிறகே மறு காலை எடுக்க வேண்டும். கால்களைக் குறுக்காகப் பின்னக் கூடாது. குழந்தையின் கையைப் பிடிக்கும் பெரியவர் குழந்தைக்கு நீரோட்டத்தின் கீழ்ப்பக்கமாக நிற்க வேண்டும். மேல்பக்கம் நின்றால், பிள்ளை நழுவும்போது கையிலிருந்து விலகிப் போகும். கீழ்ப்பக்கம் நின்றால் நம் உடம்பின் மீதே வந்து சாயும். பிடிக்கும்போது விரல்களைப் பற்றாமல் மணிக்கட்டைப் பற்றுங்கள். முதுகுப்பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டுக் கடப்பது நல்லது. விழுந்தால் பையை உதறிவிட முடியும்.

பாறைகளின் நிறத்தையும் படிக்கப் பழக வேண்டும். வெளிறிச் சொரசொரப்பாக இருக்கும் பாறையில் கால் நிற்கும். கரும்பச்சையாக, எண்ணெய் தடவியது போல் மினுங்கும் பாறையில் பாசி படிந்திருக்கும். அதன்மேல் கால் வைப்பதைவிடப் பக்கத்தில் உள்ள தண்ணீருக்குள்ளேயே கூழாங்கல் தரையில் கால் வைப்பது பாதுகாப்பானது. பாறைக்குப் பாறை தாவுவதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே தடை செய்துவிடுங்கள்.

குளிப்பதைப் பொறுத்தவரை என் கருத்து கண்டிப்பானது. அடி தெரியும், கணுக்கால் முதல் முழங்கால் வரை மட்டுமே ஆழமுள்ள, ஓட்டம் மெதுவான இடத்தில் பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள்ளேயே நிற்கப் பிள்ளைகள் விளையாடலாம். அருவி விழும் குழியிலும் மடுவிலும் இறங்க வேண்டாம். நீச்சல் குளத்தில் பழகிய பிள்ளைக்குக்கூட, பாறை இடுக்கில் கால் சிக்குவதையும் அடியில் சுழலும் நீரையும் சமாளிக்கத் தெரியாது.

ஒன்பதாம் படி: மலைவெள்ளத்தின் அறிகுறிகள்

'மேல மழை பேஞ்சா இங்க வெயில் அடிக்கும்போதே தண்ணி வந்துடும்' என்று மலையடிவாரத்தில் சொல்வார்கள். பாறையும் மெல்லிய மண்ணுமாக உள்ள சரிவில் விழும் மழை நிலத்துக்குள் இறங்க நேரமில்லாமல் பல கிளையோடைகள் வழியாக ஒரே பள்ளத்துக்கு வந்து சேர்வதுதான் இதற்குக் காரணம். ஆகவே தலைக்கு மேலுள்ள வானத்தைவிட ஓடை வரும் திசையில் உள்ள மலையுச்சியையே அடிக்கடி பார்க்க வேண்டும். அங்கே கருமேகம் குவிந்தாலோ, தொலைவில் இடி கேட்டாலோ உடனே கரையேற வேண்டும்.

தண்ணீரும் முன்னறிவிப்புத் தரும். தெளிந்த நீர் செம்மண் கலங்கலாக மாறுவது, சருகும் சுள்ளியும் திடீரென மிகுதியாக மிதந்து வருவது, ஓடையின் ஓசை கனத்து ஒலிப்பது, சற்றுமுன் ஈரமின்றி இருந்த கல் நனைந்திருப்பது ஆகிய ஒவ்வொன்றும் எச்சரிக்கை. ஓய்வெடுக்க அமரும்போது நீர்விளிம்பில் உள்ள ஒரு கல்லைக் குறித்துவைத்துக்கொண்டு, அதைக் கவனிக்கும் பொறுப்பைப் பிள்ளைகளில் ஒருவரிடம் கொடுக்கலாம். மிகுந்த அக்கறையோடு செய்வார்கள்.

அறிகுறி தெரிந்தால் பைகளைக் கட்டிக்கொண்டிருக்காமல் பிள்ளைகளோடு பக்கவாட்டுச் சரிவில் மேலே ஏறுங்கள். ஓடையோடு கீழே ஓட வேண்டாம். தண்ணீர் நம்மைவிட வேகமாக வரும். வெள்ளம் வந்து, வண்டி மறுகரையில் இருந்தால் காத்திருங்கள். மலையோடையில் நீர் ஏறிய வேகத்தில் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடியும். அதற்காகத்தான் டார்ச்சும் மாற்றுடையும் கூடுதல் உணவும். சாப்பிட அமரும் இடத்தையும் இதை நினைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்: ஓடை நடுவிலுள்ள மணல்திட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே விரிப்பைப் போடக் கூடாது.

பத்தாம் படி: உயிரினங்கள்

பாம்பைப் பொறுத்தவரை, கை வைக்கும் இடத்தையும் கால் வைக்கும் இடத்தையும் பார்த்து வைப்பதே முக்கால் பங்கு பாதுகாப்பு. கற்குவியல், சருகுமேடு, மரப்பொந்து ஆகியவற்றில் கைவிட வேண்டாம். இந்த வறண்ட பாறைப் பகுதிகளில் சுருட்டை விரியன் கல்லிடுக்கில் கிடக்கும். கடித்துவிட்டால் கயிறு கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் தீங்கு. கொலுசு, வளையல், மோதிரத்தைக் கழற்றி, கடிபட்ட கை அல்லது காலை மரக்குச்சியும் பேண்டேஜும் கொண்டு அசையாமல் கட்டி, கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிச் சென்று, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பைத் தேடிப் பிடிக்கப் போக வேண்டாம்.

அருவிப் பாறைகளில் மலைத்தேனீக்கள் அகலமான அடை கட்டித் தொங்கும். அதன் கீழே புகை, உரத்த சத்தம், கல்லெறிதல் எதுவும் கூடாது. வாசனைத் தைலமும் வேண்டாம். கலைந்து வந்தால் கையை வீசாமல், குழந்தையின் தலையைத் துண்டால் மூடி, அடையைவிட்டு விலகி ஓட வேண்டும். தண்ணீருக்குள் மூழ்கி ஒளிவது பயன் தராது, தலை தூக்கும்போது கொட்டும். கதண்டுக் கூட்டுக்கும் இதே எச்சரிக்கைதான். கரடி விடியலிலும் அந்தியிலும் பழமும் கரையானும் தேடி வரும். நடுப்பகலில் பேசிக்கொண்டு கூட்டமாக நடந்தால் பெரும்பாலும் அதுவே விலகிப்போகும். குரங்கின் முன் உணவுப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். பூனைக்காலிக் காயின் வெல்வெட்டுச் சுணையைக் குழந்தைகள் தொட்டுப் பார்க்க விரும்புவார்கள். தாளாத அரிப்பு உண்டாகும்.

பதினொன்றாம் படி: எதைக் காட்டுவது

ஓடையில் கைப்பிடிக்குள் அடங்கும் ஒரு கல்லை மெல்லத் திருப்பிப் பாருங்கள். அதன் அடியில், அரிசியளவு நீளத்தில், மணல்துகள்களால் ஆன சிறு குழாய்கள் ஒட்டியிருக்கலாம். உற்றுப் பார்த்தால் குழாயின் முனையில் ஒரு தலையும் ஆறு கால்களும் வெளிவந்து உள்ளே இழுத்துக்கொள்வது தெரியும். தானே மணலை ஒட்டித் தனக்கு வீடு கட்டிக்கொள்ளும் பூச்சிப்புழு அது. தூய்மையான, ஓடும் நீரில்தான் செழித்து வாழும். பார்த்த பிறகு கல்லை இருந்தபடியே வைக்க வேண்டும் என்பதையும் அப்போதே கற்றுக்கொடுத்துவிடலாம். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாறு கெட்டதும், அதற்காக வேலூர் மக்கள் அமைப்பு தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியதும் பெரிய பிள்ளைகளுக்கு இந்தக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் விளங்கும்.

கரையில் வெளிறிய வழவழப்பான பட்டையுடன் நிற்கும் நீர்மருதையும், புங்கையும், நாவலையும் காட்டுங்கள். முந்தைய நாள் இரவே வீட்டில் வரைபடத்தை விரித்து, அமிர்திப் பக்கம் இறங்கும் நாகநதி கமண்டல நதியோடு கூடிச் செய்யாற்றில் சேர்வதையும், செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றில் கலப்பதையும் விரலால் தொட்டுக் காட்டியிருந்தால், மறுநாள் கணுக்காலை நனைக்கும் நீர் எங்கே போகிறது என்று அவர்களே சொல்வார்கள். வற்றிக் கிடந்த அந்த நாகநதிக்கு மீண்டும் நீர் வர, வேலூர்ப் பகுதிக் கிராமத்துப் பெண்கள் உறைகிணறுகளும் தடுப்புகளும் அமைத்து உழைத்ததையும் சொல்லலாம்.

பன்னிரண்டாம் படி: கழிவும் ஊர் மக்களும்

சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க் குளியல் எதுவும் ஓடையில் கூடாது. கீழே உள்ள ஊர்கள் அந்த நீரையே பயன்படுத்துகின்றன. இயற்கை உபாதைக்கு நீரிலிருந்து குறைந்தது எழுபது தப்படி விலகிச் சென்று, குழி தோண்டி மூட வேண்டும். குழந்தைகளின் டயப்பர் முதல் வாழைப்பழத் தோல் வரை எல்லாமே நம்மோடு திரும்பி வர வேண்டும்.

மலையூர்களில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் சாமை வயல்கள் வழியாகப் பாதை போனால் வரப்பிலேயே நடங்கள். கேட்காமல் படம் எடுப்பதும், நெல்லியோ பலாவோ பறிப்பதும் வேண்டாம். தேனும் சாமையும் அவர்களிடம் பேரம் பேசாமல் வாங்குவது நல்லது.

பதின்மூன்றாம் படி: திரும்பிய பிறகு

இந்தப் படியைத்தான் நம் மாவட்டத்தில் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில் வேலூர்ப் பகுதியில் ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல் மிகுதியாகக் காணப்படுகிறது. புதர்களிலும் புல்லிலும் உள்ள, கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணிகளின் இளம்பருவம் கடிப்பதால் இது பரவுகிறது. நாம் நடப்பதற்கு உகந்தவை என்று சொன்ன அதே மாதங்கள்தான் அவையும். புல்லில் நேராக உட்காராமல் விரிப்பின் மேல் அமர்வதும், உடையைப் புதரில் கழற்றிப் போடாமல் இருப்பதும், களிம்பு பூசுவதும் இதற்காகவே.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, அணிந்த உடைகளை அன்றே வெந்நீரில் துவைக்க வேண்டும். பிள்ளைகளின் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, காதின் பின்புறம் ஆகிய இடங்களைப் பார்க்க வேண்டும். கடித்த அன்று பெரும்பாலும் வலியோ அரிப்போ தெரியாது. 6 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கலாம். கடுந்தலைவலியும் உடல்வலியும் சேர்ந்து வரும். சிலருக்கு, கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதைப் போன்ற கறுத்த பொருக்கு காணப்படும். வலிக்காததால் அது கண்ணில் படாமலே போய்விடுகிறது.

நடந்துவந்த தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அடுத்த மூன்று வாரங்களுக்குள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் மருத்துவரிடம் சென்று, இன்ன தேதியில் காட்டோடைக்குப் போய்வந்தோம் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற எளிதில் கிடைக்கும் மருந்துகளால் குணமாகும் நோய் இது. தாமதமானால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். எந்த மருந்து, எந்த அளவு என்பதைக் குழந்தையின் வயதையும் எடையையும் பார்த்து மருத்துவரே முடிவு செய்வார்.